மறு: மறு: ஸ்வாஷ்பிளேட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் – வெள்ளிக்கிழமை அச்சு

கையேட்டுக்காரர் எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ரேடியோ ஹெலிகாப்டர் பயிற்சி வைத்திருக்கிறோம். 450 ரகம் (ஹெலியின் அளவைக் குறிக்கும் எண்), எலக்ட்ரிக். பெட்டியைப் பிரிப்பதில் தொடங்கி, தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி ஆடாமல் நிறுத்துவது வரை ஒரு சிறு கையேடு எழுதியாயிற்று. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சர்வோ, மோட்டார், ஜைரோ, பேட்டரி எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன். அவற்றை எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரே ஒரு சொல்லில்தான் சிக்கி நிற்கிறேன்: ஸ்வாஷ்பிளேட்.

ஹெலி பக்கம் போகாதவர்களுக்காக: நடுத் தண்டைச் சுற்றி, பேரிங்கால் இணைந்த இரண்டு வளையங்கள். கீழ் வளையம் சுற்றாது. 120 பாகை இடைவெளியில் மூன்று சர்வோக்கள் (ரிமோட் சொன்ன அளவுக்குக் கையை நகர்த்தும் சிறு மோட்டார்கள்) அதைத் தாங்கும். மேல் வளையம் தண்டோடு சுற்றும். அதிலிருந்து இறகுகளுக்குக் கம்பிகள் போகும். மூன்று சர்வோவும் ஒன்றாக நகர்ந்தால் தட்டு மட்டமாக ஏறி இறங்கும், எல்லா இறகுகளின் கோணமும் ஒரே அளவில் மாறும், ஹெலி எழும்பும் அல்லது தாழும். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால், இறகு சுற்றி வரும்போது ஓரிடத்தில் கோணம் கூடி எதிர்ப்புறம் குறையும், ஹெலி அந்தப் பக்கம் போகும். பழுது என்று வருகிற பாதி விஷயம் இந்தத் தட்டில்தான் இருக்கிறது. அதனால் பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல் வருகிறது. என்ன போடலாம்?

—

தமிழாசிரியை எழுதியது:

சாய்தட்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பள்ளிப் பாடநூலில் சாய்தளம் என்று பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். அதே கட்டுமானம். சாய்ந்த தட்டு, சாய்கின்ற தட்டு, சாயும் தட்டு என மூன்று காலமும் உள்ளே அடங்கிய வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. தட்டச்சுக்காரர் 'சாய்த்தட்டு' என்று ஒற்றைச் செருகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

—

சொல்லாய்வு ஐயா எழுதியது:

அம்மையார் அவசரப்பட்டுவிட்டார். மூலச் சொல்லின் உள்ளே போக வேண்டாமா? ஆங்கிலத்தில் 'ஸ்வாஷ்' என்பது தண்ணீர் பாத்திரத்தில் இப்படியும் அப்படியும் மோதித் தளும்புவது. தமிழில் அதற்கு நேரே நிற்கும் வினை அலம்புதல். இன்னும் கேளுங்கள். ஆங்கிலத்தில் இதே 'ஸ்வாஷ்' வெட்டிப் பந்தா பண்ணுவதையும் குறிக்கும். நம் ஊரிலும் 'ரொம்ப அலம்பல் பண்ணாதே' என்கிறோம்! இரு மொழியிலும் தளும்பும் நீரிலிருந்து பந்தாவுக்குப் போன ஒரே பாதை. இப்படி ஒரு பொருத்தம் ஆயிரம் சொல்லில் ஒன்றுக்குத்தான் வாய்க்கும். ஆகவே அலம்புதட்டு. இதுவும் வினைத்தொகைதான், அம்மையார் மனம் குளிரட்டும்.

—

பட்டறைக்காரர் எழுதியது:

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் வகுப்பில் நின்றுகொண்டு 'தம்பி, முதலில் அலம்புதட்டைக் கழற்று' என்று நான் சொன்னால் அவன் கேன்டீன் பக்கம் போய்விடுவான்.

—

கோவையிலிருந்து ஒருவர்:

நான் ஹெலிக்காரன் இல்லை. மண் அள்ளும் இயந்திரங்களின் ஹைட்ராலிக் பம்ப் பழுது பார்ப்பவன். எங்கள் பிஸ்டன் பம்பிலும் இதே பெயரில் ஒரு தட்டு உண்டு. அது சாய்ந்தே நிற்கும். அதன் மேல் பிஸ்டன் வரிசை சுற்றும்போது ஒவ்வொன்றும் உள்ளே போய் வெளியே வரும். சாய்வைக் கூட்டினால் எண்ணெய் அதிகம் தள்ளும், நேராக்கினால் ஒன்றும் தள்ளாது. இரண்டு தொழிலுக்கும் பொதுவாகச் சாய்தட்டு என்று வைத்தால் எனக்கும் உதவும்.

ஒரு நெருடல் மட்டும். எங்கள் தட்டின் வேலையே சாய்வதுதான். உங்கள் தட்டோ சாயாமல் மட்டமாகவே மேலும் கீழும் போகவும் வேண்டும் என்கிறீர்கள். அந்தப் பாதி இந்தச் சொல்லில் இல்லையே?

—

ஷ்டுட்கார்ட்டிலிருந்து (ஊர் யாழ்ப்பாணம்):

இஞ்சை ஜெர்மனியில் இந்த விளையாட்டு நன்றாக வேரூன்றியது. 1970களின் தொடக்கத்தில் பொழுதுபோக்குக்காரர் கைக்கு ரேடியோ ஹெலியைக் கொண்டுவந்த டீட்டர் ஷ்லூட்டர் இந்த நாட்டுக்காரர்தான். இவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதவில்லை. 'டௌமெல்ஷைப' என்று வைத்தார்கள்: தள்ளாடும் வட்டு. பிரெஞ்சுக்காரர் தட்டு சுற்றுக்குச் சுற்று செய்யும் வேலையைப் பார்த்து 'பிளாட்டோ சிக்லிக்' என்றார்கள். ரஷ்யர் 'அவ்டமாட் பெரெகோசா' என்பார்கள், தானாகச் சாய்க்கும் பொறி என்கிற மாதிரி. 1911இல் போரிஸ் யூரியெவ் இந்தப் பொறியைத் திட்டமிட்ட நாடல்லவா, அவர்களுக்கு இரவல் தேவைப்படவில்லை. ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் மட்டும் ஏன் ஆங்கிலத் தண்ணீருக்குள் கையை விட வேண்டும்?

மற்றது, கையேட்டின் அட்டையில் 'ஹெலிகாப்டர்' என்று போடுகிறீர்களா? எங்கட பக்கம் உலங்கு வானூர்தி என்று செய்தித்தாளிலேயே வருகிறது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

—

பட்டறைக்காரர்:

தள்ளாடும் தட்டு வேண்டவே வேண்டாம் அண்ணா. தமிழ்நாட்டில் அதற்குக் கடை பெயரே வைத்துவிடுவார்கள்.

—

சொல்லாய்வு ஐயா:

உலங்கு என்றால் கொசு. கொசு வானூர்தி! அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்ட சமூகம் அலம்புதட்டுக்கு முகம் சுளிக்கிறது.

'ஹெலி' என்று எல்லாரும் ஒடிக்கிறீர்களே, அதுவும் பிழையான ஒடிப்பு. 1861இல் பிரெஞ்சுக்காரர் போன்டன் தாமேகூர் கிரேக்கத்திலிருந்து இந்தச் சொல்லைக் கட்டினார். 'ஹெலிகோ' என்றால் சுருள், 'ப்டெரோன்' என்றால் இறகு. பிரித்து எழுதுக என்று கேட்டால் ஹெலிகோ + ப்டர் என்பதே விடை. ஹெலி + காப்டர் என்று எழுதினால் பூஜ்யம். உலகமே பூஜ்யம் வாங்கியிருக்கிறது.

—

புறநானூற்று அன்பர் எழுதியது:

நம்மிடம் இல்லாததா? 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று புறநானூறு 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிவிட்டார். உள்ளே ஓட்டுநர் இல்லாத வான ஊர்தி, உங்கள் பொம்மை அதுவேதான். அந்த ஏவல் என்ற வினையை எடுங்கள். ரிமோட்டின் ஏவலை இறகுக்குக் கொண்டுபோவது இந்தத் தட்டு. ஏவுதட்டு!

—

தமிழாசிரியை:

அந்தப் பாட்டில் வானவூர்தி யாருக்குக் கிடைக்கிறது என்று அடுத்த அடியையும் படியுங்கள். செய்வினை முடித்துப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு. பயிற்சி வகுப்பின் முதல் பக்கத்தில் அதைப் போட்டால் பெற்றோர் கையெழுத்துப் போட மாட்டார்கள். அதிலும் 450 ரகத்தில் இறகு 325 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றினால் முனை மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்.

ஏவுதட்டு ஆகாது. ஏவுகணை, ஏவுதளம் என்று கேட்டுப் பழகிய காது அதை ராக்கெட் நிற்கும் மேடை என்று எடுத்துக்கொள்ளும்.

—

புதிய உறுப்பினர் ஒருவர்:

மன்னிக்கவும், இடையில் புகுகிறேன். இங்கே ஹெலி தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். என்னுடையதும் 450தான். தூக்கி நிறுத்தினால் வால் வேகவேகமாக இடமும் வலமும் அடித்துக்கொள்கிறது. ஜைரோவை மாற்ற வேண்டுமா?

—

பட்டறைக்காரர்:

தம்பி, காசைக் கரைக்காதே. ஜைரோ என்பது வால் தானாகத் திரும்பாமல் பிடித்து வைக்கும் கருவி. அதன் 'கெயின்', அதாவது எவ்வளவு பலமாக எதிர்க்க வேண்டும் என்கிற அளவு, அதிகமாக இருந்தால் இப்படித்தான் அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார். ரொம்பக் குறைத்தால் வால் நிற்காமல் நழுவும், அங்கே நிறுத்திக்கொள். குறைத்தும் தீரவில்லை என்றால் வால் இறகைத் தள்ளும் ஸ்லைடரை விரலால் நகர்த்து. எங்காவது பிடிக்கிறதா, வால் பெல்ட் தொளதொள என்று இருக்கிறதா, சர்வோ மவுன்ட் ஆடுகிறதா என்று பார். வால் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுழன்று போனால் அது வேறு நோய்: ஜைரோவின் திசை தலைகீழாக இருக்கும். பறக்கவிடாமல் கையில் பிடித்து வாலைத் திருப்பினாலே தெரிந்துவிடும். நீ திருப்பியதை எதிர்த்து வால் இறகு கோணம் மாற வேண்டும். கூடவே சேர்ந்து தள்ளினால் திசையை மாற்று.

—

சொல்லாய்வு ஐயா:

'கெயின்' எதற்கு? பெருக்கம் என்று சொல்லலாமே.

—

கையேட்டுக்காரர்:

ஐயா, ஒரு நேரத்தில் ஒரு சொல். நாளை மறுநாள் வெள்ளி.

வந்த சொற்களைக் கையேட்டின் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். கோடிட்ட இடத்தில் உங்கள் சொல்லைப் போட்டு வாய்விட்டுப் படியுங்கள்:

'மோட்டார் வயரைக் கழற்றிய பிறகே அமைக்கத் தொடங்கவும். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது மூன்று சர்வோ ஆர்மும் கிடைமட்டமாகவும், ____ தண்டுக்குச் செங்குத்தாகவும், இறகுக் கோணம் சுழியாகவும் இருக்க வேண்டும்.'

'ஸ்டிக்கை உயர்த்தும்போது ____ மட்டமாக ஏற வேண்டும். ஒரு சர்வோ மட்டும் எதிர்த்திசையில் போனால் ____ கோணலாகும். அந்தச் சர்வோவை ரிவர்ஸ் செய்யவும். மூன்றும் சேர்ந்தே கீழிறங்கினால் சர்வோக்களைத் தொட வேண்டாம். ரிமோட்டின் 'ஸ்வாஷ் மிக்ஸ்' அமைப்பில் பிட்ச் (இறகுக் கோணம்) அளவின் கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றவும்.'

இதில் கோவைக்காரர் சொன்ன நெருடல் எனக்கும் புரிகிறது. 'சாய்தட்டு மட்டமாக ஏற வேண்டும்' என்று படிக்கும்போது ஒரு கணம் இடறுகிறது.

—

தமிழாசிரியை:

இடறட்டும். 'சுடுசோறு ஆறிவிட்டது' என்று சொல்லும்போது இடறுகிறதா? பெயர் என்று ஆன பிறகு அது வினையாக வேலை செய்வதில்லை.

இன்னொன்று கேட்கிறேன். பிட்ச் என்பதை ஏன் 'இறகுக் கோணம்' என்று மாற்றினீர்கள்? திருகு அளவியில் புரியிடைத்தூரம் என்று படிக்கிறார்களே.

—

பட்டறைக்காரர்:

ஏனென்றால் இங்கே அளப்பது தூரத்தை இல்லை அம்மா, பாகையை. பிட்ச் கேஜை இறகில் மாட்டினால் அது காட்டுவது கோணம். முதலில் 'இறகுச் சாய்வு' என்றுதான் எழுதியிருந்தார். நான்தான் அடித்துவிட்டேன். தட்டு சாய்வதும் சாய்வு, இறகு திரும்புவதும் சாய்வு என்றால் 'சாய்வு அதிகமாக உள்ளது' என்று பையன் சொல்லும்போது எதைப் பார்ப்பது? சாய்வு தட்டுக்கு, கோணம் இறகுக்கு. இதை மட்டும் யாரும் மாற்றாதீர்கள். சொல் எப்படி இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை, பசங்கள் 'ஸ்வாஷ்' என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

—

தனித்தமிழ் நண்பர்:

'ஸ்வாஷ்' என்பதில் மூன்று எழுத்து, இரண்டு கிரந்தம். சொல்லின் முதலிலேயே மெய்யெழுத்து. தொல்காப்பியர் பார்த்தால் என்ன ஆவார்?

—

சொல்லாய்வு ஐயா:

தொல்காப்பியர் பெயரை எடுத்ததற்கு நன்றி, இரவெல்லாம் அங்கேதான் இருந்தேன். உரியியலில் 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்கிறார். அலமரல் என்றால் சுழற்சி! அலம்பு, அலமரு, அலங்கு, அலை என எல்லாவற்றிலும் 'அல்' என்ற அசைவு வேர். நடுக்கமும் சுழற்சியும் சேர்ந்த அசைவு. உங்கள் கீழ் வளையம் ஆடுகிறது, மேல் வளையம் சுழல்கிறது. ஒரே வேர் இரண்டையும் சொல்கிறது. யாழ்ப்பாணத்தார் உலங்கும் இந்த அலங்கிலிருந்து பிறந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் அது கொசுவே அல்ல, சுழலும் ஊர்தி. என் முந்தைய கேலியைத் திரும்பப் பெறுகிறேன். அலம்புதட்டு பிடிக்காவிட்டால் அலமருதட்டு.

—

ஷ்டுட்கார்ட்டிலிருந்து:

ஐயா, உலங்கைக் காப்பாற்றியதற்கு நன்றி. அலமருதட்டுக்கு மட்டும் என்னால் வாக்குப் போட ஏலாது. 'அலமரல்' என்றால் எங்களுக்கு மனம் கலங்கித் தவிப்பது. கலங்கின தட்டை நம்பி யார் பறக்கவிடுவார்?

—

கோவையிலிருந்து:

வட்டமான பொருளைத் தட்டு என்பதா, வட்டு என்பதா என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே. சாய்வட்டு?

—

தமிழாசிரியை:

கேட்காமல் இருந்தது நல்லதாயிற்று. குறுவட்டு, வன்வட்டு என்று வட்டைக் கணினிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

—

கையேட்டுக்காரர் எழுதியது (வியாழன் இரவு):

சரி, இதோடு நிறுத்துகிறேன். எண்ணிப் பார்த்தால் சாய்தட்டு பக்கம் ஆள் அதிகம். அதில் பாதிப் பேர் களைத்துப்போய் ஒப்புக்கொண்டவர்கள் என்றும் தெரியும். முதல் முறை வரும் இடத்தில் 'சாய்தட்டு (ஸ்வாஷ்)', பிறகு சாய்தட்டு மட்டும். உட்பாகங்களுக்கு நில்வளையம், சுழல்வளையம். இறகுக்குக் கோணம், தட்டுக்குச் சாய்வு. அட்டையில் 'ஹெலிகாப்டர்' அப்படியே இருக்கும், உள்ளே முன்னுரையில் உலங்கு வானூர்தி என்ற வழக்கையும் சொல்லிவிடுகிறேன். கோவைக்காரரின் நெருடலுக்காகப் படத்தின் கீழ் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'சாய்தட்டு சாயவும் செய்யும், சாயாமல் ஏறி இறங்கவும் செய்யும்.'

—

புதிய உறுப்பினர்:

வால் நின்றுவிட்டது. கெயின் குறைத்தும் தீரவில்லை, பெல்ட்தான் தொய்ந்திருந்தது. நன்றி அண்ணா.

—

சொல்லாய்வு ஐயா:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு சொல் தன்னை விளக்கப் படத்தின் கீழ் 'சாயவும் செய்யும், சாயாமலும் இருக்கும்' என்று ஒரு வரி கேட்கிறது என்றால், அந்தச் சொல்லில் ஏதோ குறைகிறது. அலம்புதட்டுக்கு அந்த வரி தேவைப்பட்டிருக்காது.

—

பட்டறைக்காரர்:

அதற்குப் பதிலாக 'கேன்டீனுக்குப் போக வேண்டாம்' என்று ஒரு வரி போட்டிருப்போம் ஐயா.