புரோட்டியேஸ், இன்ஹிபிட்டர்: வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. யூபிஏ என்னும் புரோட்டியேஸை (புரதத்தை வெட்டும் நொதியை) ‘புரதச்சிதைப்பி’ என்றும், அதை அடக்கும் இன்ஹிபிட்டரான பிஏஐ-1 என்னும் புரதத்தைத் ‘தடுப்பான்’ என்றும் எழுதியிருந்தேன். அறுவை முடிந்து ஆறு மாதமான என் சித்தி படித்துவிட்டு, “தடுப்பான் நிறைய இருந்தா நல்லதுதானேம்மா?” என்றார். நிலைமை நேர்மாறு. கட்டியில் பிஏஐ-1 மிகுந்தால் நோய் திரும்பும் வாய்ப்பும் மிகுதி. அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபின் அந்தச் சொல்லை அச்சுக்கு விட மனம் வரவில்லை.

தமிழாசிரியர், மதுரை:
புரோட்டியேஸுக்கு ‘அரம்’ இருக்க வேறெதற்கு? உட்பகை அதிகாரத்திலேயே ‘அரம்பொருத பொன்போலத் தேயும்’ என்கிறார் வள்ளுவர். சொந்த உயிரணுவே பகையாகி, திசுவுக்கு அடியிலிருந்து தாங்கும் அடிச்சவ்வை அராவுகிறது. அராவு, அரி, அரவம் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. அரவம் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:
எங்கட உயர்தர உயிரியலில் என்சைமுக்கு நொதியம், இன்ஹிபிட்டருக்கு நிரோதி. பிள்ளைகள் குழம்புறேல்லை.

தமிழாசிரியர்:
நிரோதி வடசொல், அம்மா.

மொழிபெயர்ப்பாளர்:
வடசொல் என்பதைவிட, இங்கே அதைக் கேட்டால் நிரோத் ஆணுறைதான் நினைவுக்கு வரும்.

உயிர்வேதியியல் ஆய்வாளர், கோவை:
ஐயா, அரம் கண்ட இடமெல்லாம் தேய்க்கும். இந்த நொதி குறித்த இடத்தில் மட்டும் வெட்டும். யூபிஏ, பிளாஸ்மினோஜென் என்னும் செயலற்ற புரதத்தை ஓரிடத்தில் வெட்ட, அது பிளாஸ்மினாகி வேலையைத் தொடங்குகிறது. இதில் சிதைவு எங்கே? ‘புரதவெட்டி’ என்போம். பிஏஐ-1 ஓர் எலிப்பொறி. தன் வளையத்தை இரையாக நீட்டும். யூபிஏ கடித்ததும் மாட்டிக்கொள்ளும். அதோடு, உயிரணுக்கள் பற்றிக்கொள்ளும் வைட்ரோனெக்டின் என்னும் புரதத்தில் ஒட்டி, உயிரணுவின் பிடியையும் தளர்த்தும். இந்த வேலைக்குத் ‘தடுப்பான்’ பொருந்தாது. ‘பொறி’ என்றால் நல்லது கெட்டது என்ற சாயல் ஒட்டாது.

ஆசிரியை:
டிஐஎம்பி எண்டு இன்னொரு இன்ஹிபிட்டர் இருக்கு, அது பொறி இல்லையே. எம்எம்பி எண்ட புரோட்டியேஸின்ர வாயை அடைச்சுக்கொண்டு நிக்கும், அவ்வளவுதான். ரெண்டுக்கும் ஒரே பெயர் எப்படி?

தமிழாசிரியர்:
‘வெட்டி’ என்றால் எங்கள் ஊரில் வீண். வெட்டிப் பேச்சு, வெட்டி வேலை. நோயாளி கையில் அதைக் கொடுக்கலாமா?

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை. ‘புரதம் வெட்டும் நொதி’ என்று விரித்தே எழுதிவிட்டேன். வேறு சொல்லில் உடன்பாடு வராததால் ‘தடுப்பான்’ அப்படியே இருக்கிறது. ஆனால் அதே வரியில், ‘பெயர் இப்படி இருந்தாலும் பிஏஐ-1 கூடுவது நல்ல அறிகுறி அன்று’ என்றும் சேர்த்தேன். சித்தி இம்முறை இரண்டு தடவை படித்தார்.

ஆய்வாளர்:
வரி சரி. சொல் தவறு. அடுத்த பதிப்புக்குப் ‘பொறி’யை மீண்டும் எழுப்புவேன்.