வேவர்லிக்கு எந்தச் சத்தம்? எங்க குடும்பக் குழுவில் ஒரு சாயங்காலம்

அப்பா: மூணு இன்ஜின் சத்தம் அனுப்பிருக்கேன். நம்ம வேவர்லி துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் மாடலுக்கு எது பொருந்தும்னு சொல்லுங்க. ஹெட்போன் போட்டுக் கேளுங்க.

சித்தி: ஒண்ணாவதுதான் அத்தான். கேட்டதுமே நீராவின்னு தெரியுது.

அக்கா: இங்க சின்னவனுக்கும் ஒண்ணாவதுதான். நாலு தடவை போட்டாச்சு.

பெரியப்பா: ஒண்ணாவது ரயில் சத்தம். வேவர்லில அந்தச் சத்தம் வராது.

சித்தி: ரெண்டும் நீராவிதானே?

பெரியப்பா: நீராவி ஒண்ணுதாம்மா, வேலை முடிஞ்சு அது போற வழி வேற. ரயில்ல அதைப் புகைபோக்கிக்குள்ள ஊதி விடுவாங்க, அந்த வேகம்தான் நெருப்புக்குக் காத்தை இழுக்கும். நீங்க கேட்கிற சக்கு சக்கு அதுதான். கடல்ல அப்படி வீணாக்க முடியாது. பாய்லருக்கு நல்ல தண்ணி வேணும், கடல் தண்ணிய ஊத்தினா உள்ள உப்பு கட்டிரும். அதனால கண்டன்சர்ல குளிர வெச்சு, தண்ணியாக்கி, திரும்ப பாய்லருக்கே அனுப்புவாங்க.

நான்: வேவர்லி ட்ரிப்பிள் எக்ஸ்பான்ஷன் வேற. அதே நீராவி மூணு சிலிண்டர்ல ஒண்ணு மாத்தி ஒண்ணா வேலை பார்த்துட்டுத்தான் கண்டன்சருக்கே போகுது. ஊதறதுக்கு அதுல தெம்பு எங்க இருக்கும்?

அக்கா: மிசிசிப்பி படகு வீடியோல புஃப் புஃப்னு வருதே?

பெரியப்பா: அதுவும் சரிதான். ஆத்துல உப்பு இல்ல, கண்டன்சர் வைக்காம நேரா வெளிய விட்டாங்க. ரெண்டு சிலிண்டர், ஒரு சுத்துக்கு நாலு ஊதல். அந்த மாடல் செஞ்சிருந்தா ஒண்ணாவதையே எடுத்துக்கலாம்.

அப்பா: அண்ணா, நீங்க வேலை பார்த்த நீராவிக் கப்பல் இன்ஜின் ரூம்ல எது பெருசா கேட்டுது?

பெரியப்பா: சக்கர அச்சைச் சுத்தற கிராங்க் கீழ இறங்கறப்ப கனமா ஒரு தொம். நடுவுல ஏர் பம்ப் மூச்சு விடும். எண்ணெய் தெறிக்கும். அவ்வளவுதான், பக்கத்துல இருக்கறவன்கிட்ட கத்தாமலே பேசலாம். பேரிங் சூடாகுதான்னு கையால தொட்டுத்தான் பார்ப்போம். இன்ஜின் ஓடிட்டே இருக்கும், கிராங்க் சுத்தி நம்ம பக்கம் வர்ற அந்த நொடிக்குக் கை நீளணும், உடனே விலகணும். தாளம் தப்பினா கை போயிரும். மூணாவது பதிவைக் கேட்டப்போ கை தானா நீண்டுதுடா தம்பி.

அப்பா: அப்ப மூணாவதுதான்.

நான்: மூணாவதேதான், ஆனா வேகம் இடிக்குது. நிஜ வேவர்லி சக்கரம் நிமிஷத்துக்கு 60 சுத்துக்குள்ளதான் ஓடும். நம்மது 1:72, அதாவது நிஜத்துல எழுபத்திரெண்டுல ஒரு பங்கு. நேத்து தண்ணித் தொட்டில ஓட்டினப்ப நிமிஷத்துக்கு 180 சுத்து வந்துச்சு. அச்சுல காந்தம் ஒட்டி, சென்சர் வெச்சு, சுத்துக்குச் சுத்து தொம் போட்டேன். தையல் மெஷின் மாதிரி கேட்குது.

பெரியப்பா: கிளம்பறப்பவும் நிக்கறப்பவும்தான் எல்லாரும் சக்கரத்தையே பார்ப்பாங்க. அப்ப பொருந்தினா போதும். வேகம் எடுத்தப்புறம் யாராலயும் சுத்தை எண்ண முடியாது.

நான்: அப்ப 50 வரைக்கும் சென்சர் சொல்றபடி அடிக்கட்டும். அதைத் தாண்டினா சத்தம் 50லயே நிக்கட்டும். இன்னொண்ணு, எம்பி3யை லூப்ல போட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு விக்கல் வருது. வேவ் ஃபைலா மாத்திட்டேன், சரியாப் போச்சு.

அப்பா: சத்தம் போடற மாட்யூல்ல ஐடிலிங்னு, கப்பல் நிக்கறப்ப இன்ஜின் சும்மா ஓடற சத்தத்துக்கு, ஒரு இடம் இருக்கு. அதுல என்ன போடறது?

பெரியப்பா: ஐடிலிங் டீசலுக்கு. நீராவி இன்ஜின் நின்னா நின்னதுதான். பாய்லர் லேசா முனகும், எப்பவாவது ஒரு பம்ப் ஓடும், அது போதும். ரிவர்ஸ் போறப்பவும் நேரா மாறக்கூடாது. முதல்ல இன்ஜின் நிக்கணும், சத்தமே இல்லாம ஒரு இடைவெளி, அப்புறம் மெதுவா முதல் தொம். எனக்கு அந்த இடைவெளி ரொம்ப முக்கியம்.

நான்: ரெண்டு செகண்ட் விடறேன் பெரியப்பா.

அப்பா: ஸ்பீக்கரைச் சும்மா மேஜைல வெச்சா ஈ கத்தற மாதிரி இருந்துச்சு. பின்பக்கம் காத்து கசியாம ஒரு டப்பாக்குள்ள அடைச்சேன். அதே ஸ்பீக்கர்தான், இப்ப தொம்முக்கு ஒரு கனம் வந்திருக்கு.

சித்தி: கரையில நிக்கறவங்களுக்குக் கேட்குமா அத்தான்? சத்தத்தைக் கூட்டி வைங்க.

நான்: சித்தி, 5 மீட்டர் தள்ளி ஓடினா நிஜக் கப்பல் கணக்குல 360 மீட்டர்.

பெரியப்பா: அவ்வளவு தூரத்துல இன்ஜின் எங்க கேட்கும்? சக்கரப் பலகை தண்ணிய அடிக்கறது கேட்கும், விசில் கேட்கும். கூட்டாதீங்க. கிட்ட வந்தா மட்டும் கேட்கட்டும்.

அக்கா: விசில் எது அப்பா? பெரிய பயணிக் கப்பல் மாதிரி அடித்தொண்டைல ஒண்ணு இருந்துச்சே.

அப்பா: அது 200 மீட்டருக்கு மேல உள்ள கப்பலோடது. வேவர்லி 73 மீட்டர்தான். 75க்குக் கீழ இருந்தா இப்ப உள்ள கடல் விதிப்படி 250லேருந்து 700 ஹெர்ட்ஸுக்குள்ள வரணும். கொஞ்சம் மேல் சுருதில ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். பின்னால போறப்ப மூணு தடவை சின்னதா ஊதும்.

அக்கா: பெரியப்பா, சின்னவன் இப்ப மூணாவதைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கான். ஒவ்வொரு தொம்முக்கும் கையை நீட்டி நீட்டி எடுக்கறான்.

பெரியப்பா: காலைல அவனையும் தொட்டிக்குக் கூட்டிட்டு வா. வால்யூம் நாங்க ரெண்டு பேரும் வந்தப்புறம் வெக்கலாம்.