நேஷனல் வெல்வெட் (வெல்வெட் என்ற சிறுமி தன் குதிரையைப் பந்தயத்தில் இறக்கும் 1944ஆம் ஆண்டு ஆங்கிலப் படம்): மனதில் நின்றுபோன காட்சி எது?

வைகைக்கரை:
எனக்குப் பரண் காட்சி. கிராண்ட் நேஷனல் என்ற இங்கிலாந்தின் பெரிய தடைதாண்டும் குதிரைப் பந்தயத்தில் குதிரையைச் சேர்க்கப் பணம் கட்ட வேண்டும், வெல்வெட்டிடம் ஏது காசு? அம்மா அவளை மேலே கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்து, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்ததற்குத் தனக்குக் கிடைத்த 100 தங்கச் சவரனையும் எடுத்துக் கொடுப்பாரே, அது. அம்மாவாக நடித்த ஆன் ரிவியர் முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அந்த வேடத்துக்குத்தான் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

மகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆங்கிலம் புரியாது என்பதால் நடுநடுவே கதை சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த இடம் வந்ததும் அம்மா, "எனக்கும் ஓட்டப்பந்தயத்துல ஒரு டம்ளர் குடுத்தாங்க. உங்க பெரியம்மா கல்யாணச் சீர்ல சேத்துட்டாங்க" என்றார். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அம்மா ஓடினார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எந்த வகுப்பு, எத்தனை பேரை முந்தினார், ஏன் நிறுத்தினார்கள்? கேட்டால் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்கிறார். படம் எப்படி முடிந்தது என்று நான் கவனிக்கவே இல்லை.

படப்பெட்டி:
முடிவைக் கவனிக்காதது நல்லதுதான் அக்கா. என்னை உறுத்துவது அந்த முடிவுதான்.

அப்பா வாடகைக்கு எடுத்து வந்த கேசட்டில் பார்த்தோம். வெல்வெட் முடியை வெட்டிக்கொண்டு, ஆண் ஜாக்கி மாதிரி உடுத்தி, 'பை' என்ற தன் குதிரையில் முதலாவதாக வருகிறாள். நான் கட்டிலில் ஏறிக் குதிக்கிறேன். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுகிறாள். மருத்துவர் பார்க்கும்போது பெண் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் வெற்றி பறிபோகச் சொல்லும் காரணம் வேறு: உரிய இடத்துக்கு வருமுன் குதிரையைவிட்டு இறங்கிவிட்டாளாம்! அப்பா "விதின்னா விதிதான்டா" என்று டிவியை அணைத்துவிட்டார். அன்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது.

பெண் என்பதால் பறித்தோம் என்று நேராகச் சொல்ல 1944இல் அந்தப் படத்துக்குத் துணிவில்லை. விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

கிண்டிக்காரன்:
தம்பி, அப்படிச் சொல்லாதீர்கள். பந்தயம் முடிந்ததும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏற வேண்டும். ஒவ்வொரு குதிரையும் இத்தனை எடை சுமக்க வேண்டும் என்று வைத்துத்தான் பந்தயமே நடக்கிறது. நடுவில் இறங்கினால், ஓடும்போது அந்த எடை இருந்ததா என்று யார் சொல்வது? விழுந்தது ஆணாக இருந்தாலும் அதே தீர்ப்புதான்.

நான் எழுத வந்தது வேறு. பை நோயில் படுக்கும் இரவு. வெல்வெட்டும், குதிரையைப் பழக்குபவனாக நடித்த மிக்கி ரூனியும் லாயத்தில் கண்விழித்துக் கிடப்பார்கள். என் அப்பா கிண்டியில் குதிரை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். ஒருநாள் ராத்திரி அவர் பொறுப்பிலிருந்த பெண்குதிரைக்கு வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வலியில் தரையில் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளலாம் என்று பயம். டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனபின் அப்பா விடியும்வரை அதைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டே இருந்தார். நான் லாந்தர் பிடித்தேன். விடிகிற நேரத்தில் அது சாணம் போட்டது. அப்பா அந்தச் சாணத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த சீசனில் முதலாளி அதை விற்றுவிட்டார். எந்த ஊருக்கு, யாருக்கு என்று அப்பாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. காலையில் போனால் கொட்டடி காலி. படத்தில் பை கடைசிவரை வெல்வெட்டிடமே இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலிக் கொட்டடிதான்.

நீலகிரி:
என் பெண் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சோபா முதுகில் துண்டைப் போட்டு இரண்டு நாள் சவாரி செய்தாள். மூன்றாம் நாள் உண்மைக் குதிரை கேட்டாள். அவ்வளவுதான் என் கதை.

வைகைக்கரை, உங்கள் மகளும் கேட்பாள், அதனால் சொல்லிவைக்கிறேன். குதிரையின் பின்பக்கமாகப் போக விடாதீர்கள். தோள் பக்கமாக, அது பார்க்கும்படி, பேசிக்கொண்டே போக வேண்டும். கேரட் கொடுத்தால் உள்ளங்கையை நன்றாக விரித்து வைக்க வேண்டும், விரலை மடக்கினால் கடிபடும். தாடைக்கு வார் உள்ள சவாரி ஹெல்மெட் கட்டாயம், பைக் ஹெல்மெட் ஆகாது. குதிகால் உள்ள ஷூ போட வேண்டும், இல்லாவிட்டால் கால் வளையத்துக்குள் பாதம் நுழைந்து மாட்டிக்கொள்ளும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். முதல் வகுப்புகளில் நீளக் கயிற்றில் வட்டமாகத்தான் நடத்துவார்கள். சலிப்பாக இருக்கும், விடாதீர்கள், உட்காரும் பழக்கம் அதில்தான் வரும். முதல் வாரமே பாயவிடும் இடமாக இருந்தால் பணம் போனாலும் பரவாயில்லை, வெளியே வந்துவிடுங்கள். அப்புறம், குதிரை காதைப் பின்னால் மடித்து ஒட்டிக்கொண்டால் அதற்குப் பிடிக்கவில்லை என்று பொருள். அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

மெர்சிக்கரை:
நான் லிவர்பூலில் வேலை பார்க்கிறேன். பந்தயம் இல்லாத ஒரு நாளில் நண்பர் ஒருவர் கிராண்ட் நேஷனல் நடக்கும் எய்ன்ட்ரீ மைதானத்துக்குள் கூட்டிப்போனார். நேரே பீச்சர்ஸ் புரூக் தடைக்குப் போனேன். ஏறித் தாவும் பக்கத்தைவிட இறங்கும் பக்கம் பள்ளம். பாய்ந்து வரும் குதிரைக்கு அந்தப் பள்ளம் முன்கூட்டியே தெரியாது. 1839இல் கேப்டன் பீச்சர் விழுந்த ஓடை அது. படத்தில் இந்தத் தடைகளைப் பார்க்கும்போது கைதட்டியிருக்கிறேன். பக்கத்தில் நின்றபோது வயிற்றைப் பிசைந்தது. இத்தனைக்கும் இப்போதிருப்பது முன்பைவிடப் பள்ளம் குறைக்கப்பட்ட தடை.

கிண்டி அண்ணன் சொல்லும் தராசு விதி சரிதான். ஆனால் படப்பெட்டி தம்பியின் கோபமும் சரி. தராசு எல்லோருக்கும் பொது என்றால் அதில் ஏறவே பெண்ணை ஏன் விடவில்லை? 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபின்தான் பிரிட்டனில் கிராண்ட் நேஷனலின் கதவு திறந்தது. 1977இல் ஷார்லட் புரூ முதல் பெண்ணாக இறங்கினார், குதிரை கடைசித் தடைகளுக்கு அருகில் தாண்ட மறுத்துவிட்டது. 1982இல் ஜெரால்டின் ரீஸ் முழுத் தூரத்தையும் முடித்தார். 2021இல் அயர்லாந்தின் ரேச்சல் பிளாக்மோர் மினெல்லா டைம்ஸ் குதிரையில் ஜெயித்தார். படம் வந்து 77 வருடம் கழித்து!

கொரோனாவால் அன்று மைதானத்தில் கூட்டம் இல்லை. நான் மருத்துவமனை ஓய்வறையில் போனில் பார்த்தேன். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் "விழுந்துவிடாதே, இறங்காதே" என்று என்னையறியாமல் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த வெள்ளைக்கார அம்மா, மொழி தெரியாமலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் சிறுவயதில் அந்தப் படம் பார்த்தவராம்.

வைகைக்கரை, உங்கள் அம்மாவிடம் இந்தப் பந்தயத்தைப் போட்டுக் காட்டுங்கள். பத்து நிமிடம்கூட இல்லை, ஆங்கிலமும் தேவையில்லை. அப்புறம் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று கேட்டுப் பாருங்கள்.