ஒன்பதா, பத்தா?

குழு: செவ்வாய்ப்பேட்டை வீடு

சனிக்கிழமை, மாலை

நான்: எல்லோருக்கும் ஒரு கேள்வி. என் எலெக்ட்ரிக் கிட்டாரில் மூன்றாவது கம்பி அறுந்துவிட்டது. மற்ற ஐந்தும் கறுத்துப் போய்விட்டன. வெள்ளிக்கிழமை காலேஜில் நிகழ்ச்சி. கடையில் கேட்டால் "ஒன்பதா, பத்தா" என்கிறார். என்ன சொல்ல?

அம்மா: ஒரு கம்பிதானே அறுந்தது? ஒன்று மட்டும் வாங்கு.

கௌதம் அண்ணா: சித்தி, பழைய ஐந்தோடு புதுசு ஒன்றைப் போட்டால் அது மட்டும் கணீரென்று தனியாகக் கேட்கும். செட்டாகத்தான் மாற்ற வேண்டும். எலிக்ஸர் கம்பெனி செட் வாங்கு, பேச்சே வேண்டாம்.

ஏற்காடு மாமா: யார் இங்கே எலிக்ஸர் என்றது?

கௌதம் அண்ணா: வந்துவிட்டார்.

வீணை அத்தை: சரி, இவர் பேச ஆரம்பித்துவிட்டார். எங்கள் வீட்டில் இன்று இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத்தான்.

ஏற்காடு மாமா: பாப்பா, எர்னி பால். ரெகுலர் ஸ்லிங்கி. பத்து. பச்சை உறை. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போ.

நான்: ஏன் மாமா? காரணம் சொல்லுங்க. கடையில் டடாரியோவும் இருக்கிறது. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எலிக்ஸர்தான் இரண்டு மடங்குக்கு மேல்.

அம்மா: அப்படியானால் எலிக்ஸர் வேண்டாம்.

ஏற்காடு மாமா: காரணம்தானே, கேள். எர்னி பால் என்பவர் கலிஃபோர்னியாவில் கிட்டார் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்து செட்டில் மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பி, அதாவது உள்கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றியது. ஒரே கனம். படிக்க வரும் பிள்ளைகளால் அழுத்தவே முடியவில்லை, அப்புறம் எங்கே பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை வளைப்பது? விவரம் தெரிந்தவர்கள் பேஞ்சோ கம்பி ஒன்றை வாங்கி முதல் கம்பியாகப் போட்டு, கிட்டார் செட்டை ஒரு இடம் தள்ளி மாட்டி, கடைசித் தடிக்கம்பியைத் தூக்கி எறிந்தார்கள். மெல்லிசாக ஒரு செட் செய்து தரும்படி இவர் ஃபெண்டரைக் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். சரி என்று தானே செய்யச் சொல்லி வாங்கி விற்க ஆரம்பித்தார். 1962-ல் ஸ்லிங்கி வந்தது. இன்று எல்லாக் கம்பெனியும் விற்கிற மெல்லிய செட்டுக்கு வழி போட்டது அவர்.

கௌதம் அண்ணா: இது வரலாறு மாமா. அவள் கேட்டது காரணம்.

ஏற்காடு மாமா: நன்றி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

பெரியப்பா: பத்து என்றால் என்ன பத்து?

ஏற்காடு மாமா: முதல் கம்பியின் தடிமன் மச்சான். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பத்து. கடைசிக் கம்பி 46. அதனால் 10-46 என்பார்கள். ஒன்பது செட் 9-42.

பெரியப்பா: 0.254 மி.மீ. அதாவது கால் மில்லி. ஒன்பது என்றால் 0.229. வித்தியாசம் மில்லியில் நாற்பதில் ஒரு பங்கு. இதற்கா இவ்வளவு நேரம்?

ஏற்காடு மாமா: கையில் தெரியும் மச்சான். கம்பியை மேலே தாங்கும் நட்டிலிருந்து கீழே தாங்கும் பிரிட்ஜ் வரை 25.5 அங்குலம் உள்ள கிட்டாரில் பத்தாம் நம்பர் முதல் கம்பி சுருதிக்கு வர ஏழு கிலோவுக்குச் சற்று மேல் இழுவை வேண்டும். ஒன்பது என்றால் ஆறு கிலோ போதும். ஆறு கம்பியும் சேர்ந்து பத்து செட்டில் கழுத்தை 47 கிலோ அளவுக்கு இழுக்கும். ஒன்பதில் 39.

பெரியப்பா: தடிமனின் வர்க்கத்தில் ஏறுகிறது. பரப்பளவுக் கணக்கு. ஒப்புக்கொள்கிறேன்.

கௌதம் அண்ணா: அப்பா கணக்கைச் சரிபார்த்தே விட்டார்.

பெரியப்பா: உறையில் என்ன உலோகம் என்று போட்டிருக்கிறது? அதைச் சொல்லு முதலில்.

நான்: இரண்டில் நிக்கல் என்று இருந்தது. ஒன்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

பெரியப்பா: ஸ்டெயின்லெஸ் எப்படி? கிட்டாரில் அடியில் இருப்பது காந்தம்தானே?

ஏற்காடு மாமா: ஆமாம். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக்கம்பிச் சுருளும். மேலே இரும்புக்கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் வரும். காந்தம் பிடிக்காத கம்பி போட்டால் ஊமை. ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர் அகூஸ்டிக் செட்டை எலெக்ட்ரிக்கில் மாட்டிக்கொண்டு மேடை ஏறிவிட்டார். அதில் சுற்று வெண்கலம். உள்ளே இருக்கிற இரும்பு மட்டும் வேலை செய்தது. சுற்றுக்கம்பி எல்லாம் முனகின, மெல்லிசுக்கம்பி இரண்டும் அலறின.

பெரியப்பா: அதைத்தான் கேட்கிறேன். நம் வீட்டுப் பாத்திரம் 304 என்கிற ரகம். குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8. காந்தம் ஒட்டாது. அதைச் சுற்றினால் பிரயோஜனம் இல்லை. 430 என்றால் சரி. அதில் குரோமியம் 16, 17 இருக்கும், நிக்கல் பேருக்குக்கூட வேண்டாம். காந்தம் நன்றாகப் பிடிக்கும். ஸ்டீல் பிளான்ட்டில் இரண்டையும் பார்த்தவன் சொல்கிறேன்.

கௌதம் அண்ணா: கிட்டாரில் சுற்றுவது காந்தம் பிடிக்கிற ரகம்தான் அப்பா. சத்தம் பளிச்சென்று இருக்கும், வியர்வைக்கும் தாங்கும். ஆனால் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளை, அந்த ஃப்ரெட்டைத் தின்றுவிடும்.

பெரியப்பா: ஃப்ரெட் என்ன உலோகம்?

கௌதம் அண்ணா: பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது.

பெரியப்பா: அப்படியானால் தேயத்தான் செய்யும். மெத்தென்ற உலோகத்தின் மேல் கெட்டியானதை வைத்துத் தினமும் தேய்த்தால் என்ன ஆகும்?

ஏற்காடு மாமா: அதனால்தான் பாதி உலகம் நிக்கலில் நிற்கிறது. முழு நிக்கல் இல்லை, இரும்புச் சுற்றுக்கு மேலே நிக்கல் முலாம். பழைய காலத்தில் முழு நிக்கலையே சுற்றினார்கள். அது கொஞ்சம் மந்தமாக, இதமாகக் கேட்கும். இன்னொன்று சொன்னால் கௌதம் சண்டைக்கு வருவான்: முதல் மூன்று மெல்லிசுக்கம்பியில் சுற்றே கிடையாது. வெறும் இரும்பு, மேலே வெள்ளீயப் பூச்சு. எந்த உறையிலிருந்து எடுத்தாலும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

கௌதம் அண்ணா: அப்படியானால் உங்கள் எர்னி பாலும் அதேதானே!

ஏற்காடு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கௌதம் அண்ணா: பார்த்துவிட்டேன் மாமா. 😄

ஞாயிற்றுக்கிழமை

பெரியம்மா: காலை வணக்கம். இந்த நாள் இனிய நாளாகட்டும்.

அம்மா: அக்கா, காலை வணக்கம். பாப்பா, ஆன்லைனில் பார்த்தேன். டடாரியோ பாதி விலைக்குக் கிடைக்கிறது. இன்றே போட்டால் புதன்கிழமை வந்துவிடும்.

கௌதம் அண்ணா: வேண்டாம் சித்தி. அந்த விலையில் வருவது போலியாகத்தான் இருக்கும். நான் ஏமாந்திருக்கிறேன். உறை அச்சு அசல். கம்பி மூன்றே நாளில் செத்துவிட்டது. உண்மையான டடாரியோவில் ஆறு கம்பிக்கும் நுனியில் உள்ள குண்டு வேறு வேறு நிறம். முதல் கம்பி வெள்ளி, அப்புறம் ஊதா, பச்சை, கறுப்பு, சிவப்பு, கடைசி பித்தளை. தனித்தனிக் காகித உறை இருக்காது, நிறத்தை வைத்துத்தான் எது எது என்று எடுக்க வேண்டும். எனக்கு வந்ததில் நிறம் எல்லாம் சரியாகவே இருந்தது, அதுதான் கொடுமை. உள்ளே ஒரு கோட் இருக்கும், கம்பெனியின் தளத்தில் பதிவு செய்து பார்க்கலாம். என்னுடையதை அது ஏற்கவில்லை.

அம்மா: சரி, கடையிலேயே வாங்கு.

நான்: அண்ணா, உங்கள் எலிக்ஸர் கதை என்ன? மாமா மட்டும் சொன்னால் போதுமா?

கௌதம் அண்ணா: செய்வது கோர் கம்பெனி. மழைக்கோட்டுக்கு கோர்-டெக்ஸ் துணி செய்கிறார்களே, அவர்கள்தான். கம்பிக்கு மெல்லிய பூச்சு போட்டு 1990களில் கொண்டுவந்தார்கள். கம்பி சாவது எப்படி தெரியுமா? விரல் வியர்வையும் அழுக்கும் சுற்றுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு. அப்புறம் அழுத்தாமல் மீட்டினால் சுருதியில் இருக்கும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஓடிப்போகும். பூச்சு அந்த இடுக்கை மூடிவிடுகிறது. எனக்கு உப்புக்கை. சாதாரண செட் இரண்டு வாரம் தாங்காது. சேலம் வெயிலில் உனக்கும் அதே கதிதான்.

ஏற்காடு மாமா: வழுக்கும். கையில் கம்பி இருக்கிற மாதிரியே இருக்காது. மீட்டுகிற பிக் படுகிற இடத்தில் நாளாக ஆகப் பூச்சு பிசிறு பிசிறாகக் கிளம்பும். வாசித்துவிட்டுத் துணியால் துடைத்து வைத்தால் எந்தக் கம்பியும் தாங்கும்.

வீணை அத்தை: துடைக்கிறவர் பேசுகிறார். இங்கே அலமாரியில் பாதி, மூடுபனிக்குப் பயந்து சேர்த்த சிலிக்கா ஜெல் பொட்டலம். மீதிப் பாதி பச்சை உறை. ஜூலையில் பிரிக்காத உறைக்குள்ளேயே ஒன்று துருப்பிடித்திருந்தது, அதைச் சொல்ல மாட்டார்.

ஏற்காடு மாமா: மலை மேல் வந்து குடியிருந்து பார்த்தால்தான் தெரியும்.

பெரியப்பா: கம்பி எந்த இடத்தில் அறுந்தது? படம் அனுப்பு.

நான்: (படம்)

ஏற்காடு மாமா: பிரிட்ஜில், கம்பி உட்காரும் அந்தக் குதிரை மேல். இதற்கு முன்னாலும் அங்கேயே அறுந்ததா?

நான்: ஆமாம் மாமா, போன தடவையும் அதே இடம்.

ஏற்காடு மாமா: அப்படியானால் எந்தக் கம்பெனியையும் திட்டாதே. அந்த உலோகத்தில் ஒரு பிசிறு இருக்கிறது. மிக நைசான உப்புத்தாளை நூல் மாதிரி முறுக்கி, நாலு இழுப்பு. அதற்கு மேல் தேய்க்காதே. மேலே நட்டின் பள்ளத்தில் பென்சில் முனையால் கோடு போட்டு விடு, கம்பி சிக்காமல் நகரும். பாதிப் பேர் ஒரு கம்பெனி கம்பி அறுகிறது என்று இன்னொன்றுக்குத் தாவுவது இந்தப் பிசிறுக்குத்தான்.

பெரியப்பா: சரியான பேச்சு. கம்பியை இழுத்து இழுத்து மெல்லிசாக்கும்போதே அது இறுகிப் போகும். அப்படி இறுகினது இழுவைக்கு நிற்கும், கீறலுக்கு நிற்காது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் கேட்டுப் பார், வெள்ளிக்கம்பியை அச்சில் இழுக்கிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் நடுவில் சுட்டு இளக்கிக்கொள்வார்கள். கிட்டாருக்கு அந்த இறுக்கம்தான் வேண்டும்.

நான்: மாமா, மெல்லிசு போட்டால் சத்தம் சப்பென்று இருக்கும் என்று எங்கள் டிரம்மர் சொல்கிறான்.

ஏற்காடு மாமா: ப்ளூஸ் வாசித்த ஸ்டீவி ரே வான் 13 போட்டு, அரை சுரம் கீழே இறக்கி வாசித்தார். ZZ டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7 போடுகிறார். இரண்டு பேருக்கும் சத்தம் குறைவு என்று சொல்ல யாருக்காவது தைரியம் உண்டா? பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமியை எடுத்துக்கொள். பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் ஆலையில் இருந்தார். 17 வயது. அன்றுதான் வேலைக்குக் கடைசி நாள். இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனி போய்விட்டது. அவர் இடக்கைக்காரர், அந்த விரல்களால்தான் கம்பியை அழுத்த வேண்டும். தானே விரலுக்குத் தொப்பி செய்து, பேஞ்சோவின் மெல்லிசுக் கம்பியைப் போட்டு, பின்னாளில் சுருதியையும் இறக்கி வாசித்தார். அவ்வளவு கனமான இசை அந்தத் தளர்ந்த கம்பியிலிருந்துதான் வந்தது.

பெரியப்பா: பிரஸ்ஸில் காவல் தடுப்பு இருந்திருக்காது. அந்தக் காலத்து ஆலைகள் அப்படித்தான்.

பெரியம்மா: ஞாயிற்றுக்கிழமை காலையில் விரல் போன கதை எதற்கு?

வீணை அத்தை: நான் ஒன்று சொல்லட்டுமா? யாரும் குறுக்கே பேச வேண்டாம். என் வீணைக்கு மேளம் கட்டியபோது, அதாவது மெட்டு என்கிற உலோகக் கட்டைகளைப் பதித்தபோது, எந்தக் கம்பி இருந்ததோ அதே தடிமனைத்தான் இன்றுவரை போடுகிறேன். மெழுகில் மெட்டுகளை நிறுத்தியது அந்தக் கம்பியின் சுருதிக்கு. முதல் கம்பியான சாரணியை மாற்றித் தடிமன் கூட்டினால் மெட்டு தவறிப் பேசும். கமகத்துக்கு எவ்வளவு இழுத்தால் எந்த சுரம் வரும் என்று என் விரலுக்குத் தெரியும், அந்தக் கணக்கும் போய்விடும். கடைக்காரர் அதைவிட நல்ல கம்பி இருக்கிறது என்பார். இருக்கட்டுமே. பாப்பா, உன் கிட்டாரில் இப்போது இருப்பது எது? அதை யாரும் கேட்கவில்லையே.

கௌதம் அண்ணா: அட.

ஏற்காடு மாமா: கேட்க இருந்தேன்.

நான்: தெரியாது அத்தை. வாங்கும்போது மாட்டி இருந்தது. அப்புறம் கடைக்காரரே ஒருமுறை மாற்றிக் கொடுத்தார்.

பெரியப்பா: அறுந்ததை வேண்டாம், முதல் கம்பியைக் கழற்றி எடுத்து வா. என்னிடம் மைக்ரோமீட்டர் இருக்கிறது. சூரமங்கலம் வர எவ்வளவு நேரம் ஆகும்?

ஞாயிற்றுக்கிழமை, மாலை

பெரியப்பா: (படம்) 0.23. துடைத்துவிட்டு மூன்று இடத்தில் அளந்தேன்.

கௌதம் அண்ணா: ஒன்பது!

ஏற்காடு மாமா: அப்படியானால் பத்து போடாதே பாப்பா. எட்டு கிலோ கூடுதல் இழுவை. உன்னுடையது ஸ்பிரிங் வைத்த மிதக்கும் பிரிட்ஜ். முன்னால் தூக்கிக்கொள்ளும், கழுத்து வளையும், கம்பி உயரம் ஏறும். ஸ்பிரிங், கழுத்துக்குள் இருக்கிற ட்ரஸ் ராட் கம்பி, சுருதி எல்லாம் மறுபடி சரி செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன் அந்த வேலை வேண்டாம். ஒன்பதிலேயே இரு. சூப்பர் ஸ்லிங்கி, ரோஸ் உறை.

நான்: மாமா, வரும் வழியில் கடைக்குப் போனேன். எர்னி பாலில் பத்து மட்டும்தான் இருக்கிறது. ஒன்பதில் டடாரியோதான். வாங்கிவிட்டேன்.

கௌதம் அண்ணா: மாமா, இருக்கிறீர்களா?

வீணை அத்தை: இருக்கிறார். படித்துவிட்டார். காபி கேட்கிறார்.

ஏற்காடு மாமா: டடாரியோ ஒன்றும் கெட்ட கம்பி இல்லை. இத்தாலியில் குடலில் நரம்பு திரித்த குடும்பம். ஒன்பதுக்கு ஒன்பது மாற்றினால் பிரிட்ஜ் அசையாது. நீட்டி மாட்டு, ஒவ்வொன்றையும் விரலால் இழுத்து விட்டு மறுபடி சுருதி கூட்டு, இழுத்தாலும் இறங்காத வரை. புதன்கிழமைக்குள் போட்டுவிடு. வெள்ளிக்கிழமை காலையில் மாற்றிக்கொண்டு மேடை ஏறாதே.

நான்: சரி மாமா. வியாழக்கிழமை கீழே வருகிறீர்களா? ஒருமுறை வாசித்துப் பார்த்துச் சொல்லுங்க.

ஏற்காடு மாமா: வருகிறேன். ஆனால் ஒன்பதில் வாசிக்க என் கை பழகவில்லை. எல்லாவற்றையும் தாண்டி வளைத்துவிடுவேன், சிரிக்கக் கூடாது.

அம்மா: அண்ணா, வரும்போது மிளகு கால் கிலோ. காபிக்கொட்டையும், வறுக்காமல்.