கை வழி ஆஞ்சியோ: ரத்தக்குழாய் இறுகாமல் இருக்க?

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த வாரம் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ. ஒல்லியான உடம்பு, ஊசி என்றாலே பயம். நடுவில் ரத்தக்குழாய் இறுகி டியூப் நகராமல் போகுமாமே, தடுக்க முடியுமா?

பதில் 1: கேத் லேபில் (ஆஞ்சியோ செய்யும் அறை) வேலை செய்கிறேன். மணிக்கட்டுத் தமனியின் சுவரில் தசை அதிகம், வலியும் பயமும் சேர்ந்தால் சட்டென்று இறுகும், பெண்களுக்குக் குழாய் சிறியது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். அதனால்தான் ஷீத் (டியூபை நுழைக்கத் தமனியில் வைக்கும் சிறு உறை) போட்டதுமே அதன் வழியாக, தமனியைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் 100 முதல் 200 மைக்ரோகிராம், சில இடங்களில் அதே வேலை செய்யும் வெராபமிலும் கொடுப்பார்கள். இவை ரத்த அழுத்தத்தையும் இறக்கும் என்பதால், அம்மாவுக்கு அழுத்தம் குறைவு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பதில் 2: பயம் தணிய லேசான மயக்க மருந்து உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

கேட்டவர்: நன்றி. ஹெப்பாரினும் இதற்குத்தானா?

பதில் 1: இல்லை, அது ரத்தம் உறைந்து குழாய் அடைக்காமல் இருக்க. அப்புறம், வலித்தால் அம்மா பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம், உடனே சொல்லட்டும். தமனி இறுகினால் டியூபைப் பலமாக இழுக்கக் கூடாது. மருந்து கொடுத்துக் காத்திருந்தால் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.