கீரி மீனில் கொழுப்பே இல்லை, உங்கள் பக்கம் எப்படி?

திருக்கடலூர்க் கருவாடு:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருகோணமலைத் திருக்கடலூரில் மூன்று தலைமுறையாகக் கருவாடு போடுகிறவர்கள். கீரி, சூடை, நெத்தலி என் கையில் படாத நாள் குறைவு.

இந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் வருகிற கீரியைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது. முன்பெல்லாம் வயிற்றைக் கீறினால் குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு ஒட்டியிருக்கும். விரலெல்லாம் பிசுபிசுக்கும், சவர்க்காரம் போட்டாலும் லேசில் போகாது. இப்போது குடல் வெறும் நூல் மாதிரி வருகிறது. முதுகு கத்தி போல ஒடுங்கி, தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. அம்மா கீரி பொரிக்கும்போது சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும், மிச்சத்தை மீனே விடும். போன கிழமை மூன்று தரம் எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது.

கருவாட்டிலும் தெரிகிறது. 10 கிலோ கீரி வெட்டிக் கழுவி உப்பில் போட்டுக் காயவைத்தால் 4 கிலோவுக்குக் குறையாது. இந்த முறை மூன்றரையைத் தாண்டவில்லை. அதே உப்பு, அதே வெயில்.

மீன் தருகிற வியாபாரி, "சின்னக் கண் வலை போட்டு அள்ளினால் சின்ன மீன்தானே வரும்" என்கிறார். ஆனால் மீன் நீளத்தில் குறையவில்லையே! அதுதான் எனக்கு விளங்கவில்லை.

கிண்ணியா நானா:

தங்கச்சி, 30 வருடமாகக் கடலுக்குப் போகிறேன். முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்களுக்கு வருவது கீரிவலை மீனா, கரைவலை மீனா? ஏனென்றால் கீரிவலை மாதிரிப் படுப்பு வலையில் மீன் மாட்டுவது நீளத்தால் இல்லை, சுற்றளவால். சின்னது கண்ணுக்குள்ளால் போய்விடும், பெரியது முட்டித் திரும்பிவிடும். கண்ணுக்குச் சரியான தடிப்பு உள்ளதுதான் செவுளடியில் இறுகும். மீன் மெலிந்திருந்தால் என்ன ஆகும்? அதே கண்ணில் இன்னும் நீளமான மீன்தான் மாட்டும். நீளத்தைப் பார்த்து "மீன் நல்லாத்தான் இருக்கு" என்று நினைப்போம், தூக்கினால் பாரம் இராது. எனக்கும் இது கன காலம் கழித்துத்தான் பிடிபட்டது.

கரையிலிருந்து இழுக்கும் கரைவலையின் மடியில், அதாவது பையில், வருவது வேறு. குஞ்சு, நடுத்தரம், பெரிது எல்லாம் கலந்து வரும். ஒப்பிட்டுப் பார்க்க அந்த மீன்தான் நல்லது. கொட்டியாரக்குடாப் பக்கம் கரைவலைக்காரர் எனக்குத் தெரிந்தவர்கள்தான், வேண்டுமென்றால் கேட்டு வைக்கிறேன்.

கடல்படிப்பு:

அக்கா, நான் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் படிக்கிறேன். நானா சொன்னது மிகச் சரி. நீங்கள் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. மீன் சிறுப்பது வேறு, மெலிவது வேறு. பெரியதையெல்லாம் பிடித்துத் தீர்த்தால் இளம் மீன்தான் மிஞ்சும், அது சிறுப்பது. அதே நீளத்தில் பாரம் குறைந்தால் அது மெலிவு, தீனிப் பிரச்சினையாக இருக்கலாம்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். கிராமில் உள்ள பாரத்தை, நீளத்தின் கனத்தால் (நீளம் × நீளம் × நீளம், சென்டிமீட்டரில்) வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 18 செ.மீ. கீரி 60 கிராம் இருந்தால் 1.03 வரும். 52 கிராம் என்றால் 0.89. சினை விட்ட மீன் இயல்பாகவே மெலிந்திருக்கும், சினை நிறைந்தது பாரமாக இருக்கும். அதனால் வயிற்றைக் கீறிப் பார்த்துக் குறியுங்கள். போன வருடத்தோடு ஒப்பிடுவதென்றால் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கீரியைச் சூடையோடு ஒப்பிடவே கூடாது.

கருவாடு ஏன் குறைகிறது என்றால், இந்த வகை மீனில் கொழுப்புக் குறைந்தால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வெயிலில் போய்விடும், கொழுப்புப் போகாது.

மத்தியதரைக் கடலில், பிரான்சின் தென்கரையில் உள்ள லயன் வளைகுடாவில் இதே மாதிரி நடந்தது. 2008 அளவிலிருந்து அங்கே மத்தி மீன் சிறுத்தும் மெலிந்தும் போனது. சராசரி நீளம் 15 செ.மீ. இருந்தது 11 ஆனது, பாரம் 30 கிராமிலிருந்து 10 கிராமுக்கு வந்தது. முதலில் மீன்பிடியைத்தான் சந்தேகப்பட்டார்கள். தேடிப் பார்த்ததில், மீனுக்குத் தீனியாகும் நுண்ணிய மிதவை உயிர்களே சிறுத்துப் போனதுதான் பெரிய காரணமாகத் தெரிந்தது. தொட்டியில் மத்தி வளர்த்தும் பார்த்தார்கள். பெரிய தீனியை மீன் ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். பொடித் தீனி என்றால் வாயைத் திறந்தபடி நீந்தி நீந்தி வடிக்க வேண்டும், அதற்கே சக்தி செலவாகிவிடும். பொடித் தீனி தின்ற மீன், அதே உடம்பு வைக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு தின்ன வேண்டியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் இலங்கைக் கடலையும் நோர்வேயின் நான்சன் ஆய்வுக் கப்பல் 1978-80 இலும், பிறகு 2018 இலும் வந்து அளந்தது. இரண்டாம் முறை சிறு மீன் வெகுவாகக் குறைந்திருந்தது. மீன் தொகை குறைந்தால் மிச்ச மீனுக்குத் தீனி தாராளமாகக் கிடைக்க வேண்டும், அது கொழுக்க வேண்டும். உங்கள் மீன் மெலிந்திருக்கிறது என்றால் வலையை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் நம் தென்கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்து, அந்தப் பச்சை நீர் கிழக்கே திரும்பும். அந்த நீர் எந்த வருடம் எவ்வளவு வருகிறது, அதில் என்ன தீனி இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

திருக்கடலூர்க் கருவாடு:

நானாவுக்கும் தம்பிக்கும் நன்றி. எங்களுக்கு வருவது கீரிவலை மீன்தான். இன்று காலை மகளின் அடிமட்டத்தையும் சமையலறைத் தராசையும் வைத்து 20 மீன் அளந்தோம். அவள் எழுத, நான் கிடத்தினேன். நீளம் 17-க்கும் 19 செ.மீ.க்கும் இடையில்தான் எல்லாம். தம்பி சொன்ன கணக்குப் போட்டால் 0.86 முதல் 0.94 வரை வந்தது, ஒன்றுகூட 1-ஐத் தொடவில்லை. நான்கில் மட்டும் சினை இருந்தது.

அப்புறம் இன்னொன்று. அம்மாவிடம் கணக்குக் கொப்பி இருக்கிறது. சுனாமியில் பழையது எல்லாம் போய்விட்டது, 2005-இலிருந்து உள்ளவை பெட்டியில் கிடக்கின்றன. தேதி, என்ன மீன், பச்சையாக எத்தனை கிலோ, காய்ந்து எத்தனை கிலோ என்று கூலி கொடுப்பதற்காக ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறார். தம்பி, கீரி பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் உங்களுக்கு உதவுமா? ஈரம் பட்ட பக்கங்களில் எழுத்து மங்கியிருக்கிறது, ஆனால் அம்மா பார்த்தவுடன் வாசித்துவிடுவார்.

நானா, கரைவலை மீன் ஒரு 5 கிலோ, கலந்தபடியே, தெரிவு செய்யாமல் வேண்டும். எந்த நாள் மடி இழுக்கிறார்கள் என்று சொல்லுங்கள், விடியவே வந்துவிடுகிறேன்.