அட்சார்பென்ட்: ‘பற்றுபொருள்’ என்று ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

நீரிலிருந்து கன உலோகங்களை நீக்குவது பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுவது ‘அட்சார்பென்ட்’தான், அதாவது வேறு பொருளின் துகள்களைத் தன் பரப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். அப்படிப் பிடிக்கும் நிகழ்வுக்குச் சொல் இருக்கிறது: தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பரப்புக் கவர்தல், இலங்கையில் புறத்துறிஞ்சல். அகத்துறிஞ்சல் (பொருளின் உள்ளே உறிஞ்சிக்கொள்வது) என்ற இணைச்சொல்லோடு வருவதால் இலங்கை வழக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் துளைகள் நிறைந்த பொருளுக்கு அது பொருந்தவில்லை.

எம்சிஎம்-41 என்ற சிலிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். தேன்கூடு மாதிரி ஒழுங்காக அடுக்கிய குழல்கள், சில நானோமீட்டர் விட்டம். ஒரு கிராமுக்குப் பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். அதில் பெரும்பகுதி உள்ளே, குழல் சுவரில் இருக்கிறது. ‘புறம்’ என்றால் படிப்பவர் துகளின் மேல்தோலைத்தான் நினைப்பார். உறிஞ்சலும் இங்கே நடப்பதில்லை. இவ்வகைச் சிலிக்காவின் சுவரில் கந்தகம் கொண்ட தயோல் தொகுதிகளைப் பதித்து, நீரில் கரைந்த பாதரசத்தைப் பிடித்துக்காட்டிய ஆய்வுகள் 1997-இல் வந்தன. அயனியைக் கந்தகம் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. சாதிலிங்கம் என்ற பாதரசக் கந்தகச் சேர்மத்தைத் தெரிந்தவர்களுக்குப் பாதரசமும் கந்தகமும் சேர்வது புதிய செய்தி அல்ல.

ஆகவே பிடிக்கும் பொருளைப் ‘பற்றுபொருள்’ என்போம். கணக்குப் புத்தகத்தில் பற்று என்றால் டெபிட் ஆயிற்றே என்று கேட்கலாம். இடம் வேறு, குழப்பம் வராது. பிடிபடுவதைப் ‘பற்றுறுபொருள்’ என்று எழுதிப் பார்த்தேன். வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். இதற்கு நல்ல சொல் தேவை, உதவுங்கள்.

அப்புறம் ‘போரஸ்’, அதாவது துளைகள் நிறைந்த என்பதற்கான சொல். நுண்துளை என்று பொதுவாக எழுதிவிட்டால், 2 நானோமீட்டருக்குக் குறைந்த துளையைத் தனியாகச் சுட்ட வழியில்லை. உட்டுளை என்ற பொருளில் ‘புரை’ நம்மிடம் இருக்கிறது. 2 நானோமீட்டருக்குக் கீழே நுண்புரை, 2 முதல் 50 வரை இடைப்புரை, அதற்கு மேல் பெரும்புரை. எம்சிஎம்-41 ஓர் இடைப்புரைப் பற்றுபொருள் ஆகிறது. கண்புரை நினைவுக்கு வருமே என்பது நியாயமான தயக்கம்தான். ஆனாலும் மூன்று அளவுக்கும் ஒரே வேர் கிடைக்கிறதே!

செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் தயோல் பதித்த அந்தச் சிலிக்கா பாதரசத்தை விட்டுவிடும், மறுபடி பயன்படுத்தலாம். அந்த நிகழ்வுக்குப் ‘பற்றுவிடல்’. இதில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை.